சந்தேகத்திற்கு அருகதை

ஒருவனைச் சந்தேகிக்காமல் விடுவது அவனுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். இப்போது அந்த நினைப்பு ஆட்டம் கண்டிருக்கிறது. ஆட்டிவிட்டது தத்துவ நூல் எதுவும் அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட ஒரு கொலைக் கதையும், அதைப் படித்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வியும்தான். இந்தப் பக்கங்களில் துப்பறியும் நாவலைப் பற்றிப் பேச்சா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. அதைக் கலை என்று வாதாட நான் வரவில்லை. ஒரு சமூகம் யோசிக்காமலே ஒப்புக்கொண்டுவிட்ட விஷயங்கள் அதன் உயர்ந்த படைப்புகளில் தெரிவதைவிட அதன் பொழுதுபோக்குகளில் பட்டவர்த்தனமாகத் தெரிகின்றன. அந்தக் காரணத்துக்காக மட்டும் பேசுகிறேன்.

கதை ராபின் ஸ்டீவன்ஸ் எழுதிய 'டெத் ஸெட்ஸ் ஸெயில்'. 2014-ல் தொடங்கிய ஒரு நாவல் வரிசையின் கடைசிப் புத்தகம், 2020-ல் வெளிவந்தது. காலம் 1930-கள், இடம் எகிப்து. நைல் நதியில் போகும் ஓர் உல்லாசக் கப்பலில், பண்டைய ஃபேரோக்களின் மறுபிறவி தாங்களே என்று நம்பும் ஆங்கிலேயக் கனவான்களும் சீமாட்டிகளும் பயணம் செய்கிறார்கள். அவர்களுடைய தலைவி ஓர் இரவில் படுக்கையிலேயே குத்திக் கொல்லப்படுகிறாள். தூக்கத்தில் நடக்கும் வழக்கமுள்ள அவள் மகள் மேல் பழி திரும்புகிறது. டெய்ஸி வெல்ஸ், ஹேஸல் வாங் என்ற இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் உண்மையைத் தேடுகிறார்கள். கப்பல் கதைகளுக்கு ஒரு வசதி உண்டு. கொன்றவன் எங்கும் போயிருக்க முடியாது, உள்ளேதான் இருக்கிறான். பெயர்களை ஒரு தாளில் எழுதிவிடலாம்.

என் தம்பியின் பேத்தி இதை இரண்டே நாளில் முடித்துவிட்டு, "இதே மாதிரி வேற இருக்கா தாத்தா?" என்று வந்து நின்றாள். இந்த ஜாதிக் கதைகளுக்கெல்லாம் பாட்டியான அகதா கிறிஸ்டியின் 'டெத் ஆன் த நைல்' என்னிடம் இருந்தது. 1937-ல் வந்த நாவல். கொடுத்தேன். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சந்தேகப் பட்டியல் போட்டுக்கொண்டே படிப்பது அவள் வழக்கம். ஒரு சாயங்காலம் நோட்டோடு வந்தாள்.

"தாத்தா, இந்தக் கப்பல்ல சமைக்கிறவங்க, பரிமாறுறவங்க, துடைக்கிறவங்கல்லாம் இருப்பாங்கல்ல? அவங்களுக்குப் பேரே காணோம். லிஸ்ட்ல எப்படி எழுதறது?"

"அவங்கள எழுத வேணாம்மா. அவங்க செஞ்சிருக்க மாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் படிச்சிருக்கேன்ல."

"படிக்கறதுக்கு முன்னாடியே தெரியுமா?"

பதில் சொல்லாமல் மழுப்பினேன். ஏனென்றால், படிப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

1974-ல் நான் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தபோது வாடகை நூல்நிலையத்திலிருந்து இந்த நாவலை எடுத்துவந்தேன். அதை ஒட்டித்தான் எங்கள் வீட்டில் அக்காவின் மோதிரம் காணாமல் போனது. அதே வாரமா, முன்பின்னா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. நினைவில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வீட்டு வேலை செய்துவந்த அம்மாள் அன்றே நிறுத்தப்பட்டாள். விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை. முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார்கள், உதறினாள், ஒன்றும் விழவில்லை, போகச் சொன்னார்கள். நான் திண்ணையில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து போனவர்களில் என் மாமாவும் ஒருவர். கடன் தொல்லையில் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். மோதிரம் இருந்த அறையில்தான் படுத்துத் தூங்கினார். மாமா எடுத்தார் என்று நான் சொல்லவில்லை; மோதிரம் கிடைக்கவே இல்லை, யார் எடுத்தது என்று இன்று வரை தெரியாது. நான் சொல்ல வருவது வேறு. கப்பலில் இருந்த ஒவ்வொரு பெரிய மனிதனையும் பணத்துக்காகக் கொல்லக்கூடியவனாகக் கற்பனை செய்து மகிழ்ந்துகொண்டிருந்த என் மூளையில், மாமாவின் முகம் ஒரு நொடி கூட வரவில்லை. தெரிந்து மறைத்தேன் என்றாலாவது அதில் ஒரு மனசாட்சி உறுத்தியிருக்கும். தோன்றவே இல்லை.

நாவலில் கப்பல் ஊழியர்களைப் பார்த்து 'செய்திருக்க மாட்டார்கள்' என்கிறேன். வீட்டில் அந்த அம்மாளைப் பார்த்து 'அவள்தான் செய்திருப்பாள்' என்கிறோம். முதலாவது விடுதலை, இரண்டாவது தண்டனை. ஆனால் இரண்டு தீர்ப்புக்கும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரே அலட்சியம் ஓரிடத்தில் கருணையாகவும் மற்றோரிடத்தில் கொடுமையாகவும் வெளிப்படுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

சந்தேகம் இரண்டு தளங்களில் இயங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று கையைப் பற்றிய சந்தேகம். அவள் கை அந்த அறையில் புழங்கியது, பொருளைக் காணோம், ஆகவே அவள். ஏன் எடுத்தாள் என்ற கேள்விக்கே இடமில்லை, இல்லாதவள், எடுப்பாள். மற்றது மனதைப் பற்றிய சந்தேகம். அது 'ஏன்' என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. ஒருவனுக்கு ஒரு கடந்த காலம் உண்டு, சொல்லாத ஆசை உண்டு, ஆறாத அவமானம் உண்டு, திட்டமிடும் பொறுமையும் பொய்யைக் கட்டிக் காக்கும் சாமர்த்தியமும் உண்டு என்று முதலில் ஒப்புக்கொண்டால்தான் அவனை இந்த வகையில் சந்தேகிக்க முடியும். துப்பறியும் நாவலின் சுவையே இந்த இரண்டாவது சந்தேகத்தில் இருக்கிறது. சிலருக்கு முதல் வகைச் சந்தேகம் தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டாவதற்கு அவர்கள் அருகதை அற்றவர்களாகக் கருதப்படுகிறார்கள்.

இது நானாகக் கட்டிய வாதம் அல்ல. அந்த வகை எழுத்தின் சட்டத்திலேயே இருக்கிறது. எஸ். எஸ். வான் டைன் 1928-ல் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் வகுத்தார். அதில் பதினோராவது, வேலைக்காரனைக் குற்றவாளியாக ஆக்கக் கூடாது என்பது. அது சுலபமான தீர்வாகிவிடுமாம். குற்றவாளி ஒரு பொருட்படுத்தத் தக்க ஆளாக இருக்க வேண்டுமாம். வான் டைன் என்பது புனைபெயர். உண்மையில் அவர் வில்லர்ட் ஹன்டிங்டன் ரைட், நவீன ஓவியத்துக்காக வாதாடி 1915-ல் புத்தகம் எழுதிய கலை விமர்சகர். பார்வையின் பழக்கங்களை உடைக்க வேண்டும் என்று ஓவியத்தில் சண்டை போட்டவர்தான், பரிமாறுகிறவனைப் பார்க்க வேண்டியதில்லை என்று நாவலில் சட்டம் போட்டார். இதை அவருடைய தனிப்பட்ட குறையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. நவீனத்துவம் பேசும் நமக்கும் இதில் பங்கு உண்டு.

கிறிஸ்டியின் நாவலுக்கு வருகிறேன். கர்னாக் என்ற நீராவிக் கப்பல் ஷெல்லாலிலிருந்து வாடி ஹல்ஃபாவுக்குப் போகிறது. பெரும் பணக்காரியான லின்னெட் தன் அறையில் தூங்கும்போது சுட்டுக் கொல்லப்படுகிறாள். அவளுடைய முத்துமாலையும் காணாமல் போகிறது. மாலையை எடுத்தவன் டிம் என்ற நல்ல குடும்பத்து இளைஞன். அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிடுகிறான். அந்தப் போலியை அசல் என்று எண்ணி எடுத்துப் போகிறாள் ஒரு பணக்காரக் கிழவி. அவளுக்கு அது ஒரு வியாதி, நர்ஸ் ஒருத்தி கூடவே இருந்து மூடி மறைக்கிறாள். துப்பறிவாளர் பொவாரோ டிம்மைத் திருந்தவிட்டு விட்டுவிடுகிறார். அவனுக்குக் கல்யாணமும் நிச்சயமாகிறது. ஒரே மாலையை இரண்டு பேர் எடுக்கிறார்கள். ஒருத்தியின் செயல் நோய், மற்றவனுடையது இளமையின் தவறு. திருட்டு என்ற சொல் இருவர் மேலும் ஒட்டாமல் வழுக்கிப் போகிறது. 1974-ல் இதை ரசித்துப் படித்த கையோடுதான் நான் அந்த முந்தானை உதறப்படுவதைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவதாகச் சாகிறவள் லின்னெட்டின் பணிப்பெண் லூயிஸ். அவள் கொலைகாரனைப் பார்த்துவிட்டாள். விசாரணையின்போது, தூக்கம் வராமல் படியேறிப் போயிருந்தால் கொலைகாரனை ஒருவேளை பார்த்திருப்பேன் என்கிற மாதிரி, நடக்காத ஒன்றைச் சொல்வதுபோலப் பேசுகிறாள். அறையில் பல பேர் இருக்கிறார்கள். ஒரு வேலைக்காரியின் வளவளப்பாகத்தான் அது காதில் விழுகிறது. அது பேரம் என்று அந்தக் கணத்திலேயே புரிந்துகொண்டவன் ஒருவன்தான். அவன்தான் கொலைகாரன். பொவாரோ உணரும்போது அவள் தன் அறையில் குத்துண்டு கிடக்கிறாள், விரலிடுக்கில் கிழிந்த ரூபாய்த் தாள் மாதிரி ஒரு ஃபிராங்க் நோட்டின் மூலை. அவள் புத்தியுள்ளவள், ஆசையுள்ளவள், துணிந்தவள் என்று அந்தக் கப்பலில் உரிய நேரத்தில் ஒப்புக்கொண்டவன் அவளைக் கொல்லத் தீர்மானித்தவன் மட்டுமே. நாவலின் முடிவில் பொவாரோவின் இரக்கம் முழுவதும் காதலுக்காகக் கொன்றவர்களிடம் போகிறது. கொன்றவள் தன் காதலனையும் தன்னையும் சுட்டுக்கொள்ள வழி விடுகிறார். லூயிஸுக்காக ஒரு பெருமூச்சும் மிச்சமில்லை.

கப்பல் ஊழியர்களிலும் ஒருவனுக்கு நோக்கம் என்று ஒன்று தரப்படுகிறது. அவன் ஃப்ளீட்வுட் என்ற ஐரோப்பியப் பெயர் கொண்ட எஞ்சினியர். லின்னெட் குறுக்கே வந்ததால் அவன் கல்யாணம் நின்றுபோயிருக்கிறது. மற்ற ஊழியர்கள், அந்த நதியின் மனிதர்கள், வருகிறார்கள், தட்டுகளை எடுக்கிறார்கள், போகிறார்கள். அவர்களுக்கு நோக்கம் இருந்திருக்க முடியாதா?

ஷெல்லாலுக்கும் வாடி ஹல்ஃபாவுக்கும் இடையிலுள்ள நீர்ப்பரப்பு வெறும் நதி அல்ல. 1902-ல் அஸ்வானில் ஓர் அணை கட்டினார்கள். 1912-லும் 1933-லுமாக இரண்டு முறை அதை உயர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஏறி நூபியர்களின் வயல்களையும் பேரீச்ச மரங்களையும் வீடுகளையும் மூழ்கடித்தது. நிலம் போன பிறகு, ஏற்கெனவே கெய்ரோவுக்கும் அலெக்ஸாண்ட்ரியாவுக்கும் சமையல்காரர்களாகவும் வாயில்காப்போராகவும் பரிமாறுவோராகவும் போய்க்கொண்டிருந்த ஆண்களின் தொகை இன்னும் பெருகியது. நைல் கப்பல்களிலும் வேலை செய்தார்கள். கிறிஸ்டியின் நாவல் வந்தபோது கடைசி முழுக்காட்டு முடிந்து நான்கே வருஷம். மூழ்கிய ஊர்களுக்கு மேலே ஒரு கப்பல் போகிறது. அதில் உலகத்தின் பணமெல்லாம் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஊரை இழந்தவன் அதற்குத் தேநீர் கொண்டுவருகிறான். அவன் மனதில் ஒன்றுமே இல்லை என்று தீர்மானித்துவிட்டுத்தான், யார் மனதில் என்ன இருக்கிறது என்று முந்நூறு பக்கத்துக்குத் தேடுகிறோம்.

1960-களில் அடுத்த அணைக்காக எகிப்து நூபியர்களை முழுவதுமாகவே, ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரை, இடம் பெயர்த்தார்கள். கிறிஸ்டியின் கப்பல் நின்ற கரைகள் இப்போது தண்ணீருக்கடியில் இருக்கின்றன. கரையிலிருந்த கோயில்களைக் காப்பாற்ற உலகம் முழுவதும் பணம் திரட்டியது.

ஸ்டீவன்ஸின் சிறுவர் நாவல் இந்த இடத்தில் ஒரு காரியம் செய்திருக்கிறது. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் சொன்னார். ஐந்தாவது கட்டளை, கதையில் சீனன் வரக் கூடாது என்பது. பாதி கேலி அது. மர்மமான சீன வில்லன்களை வைத்து மலிவாகப் பயமுறுத்திக்கொண்டிருந்த கதைகள் மேல் அவருக்கு எரிச்சல். ஆனால் தப்பாகச் சித்தரிக்கிறார்கள் என்பதற்குப் பரிகாரமாக வெளியே நிறுத்திவிடுவது என்ன நியாயம்? ஸ்டீவன்ஸின் வரிசையில் கதையைச் சொல்கிறவளே ஹாங்காங்கிலிருந்து வந்த சீனப் பெண் ஹேஸல் வாங். தன்னைத் தாண்டிப் போகிற பார்வைகளை அவள் அறிவாள். பொருட்படுத்தப்படாமல் இருப்பதால் அவளால் பார்க்க முடிகிறது. இது நல்ல காரியம்தான். ஆனாலும் ஹேஸல் செல்வந்தர் மகள், ஆங்கில உறைவிடப் பள்ளியில் படிக்கிறவள், பயணச் சீட்டு வாங்கிய பயணி. பட்டியல் விரிந்திருக்கிறது. அது இன்னும் பயணிகளின் பட்டியல்தானா என்று கேட்டவள் ரஃப் நோட்டோடு வந்த பெண்.

நாவலை விட்டு நிஜக் கப்பலுக்கு வந்தால், 2020 பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' நினைவுக்கு வருகிறது. கப்பலில் 3,711 பேர். அதில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஊழியர்கள். இந்தியர்கள் 138 பேர். அவர்களில் 132 பேர் ஊழியர்கள். கொரோனா பரவுகிறது என்று பயணிகளை அவரவர் அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். ஊழியர்கள் சமைத்தார்கள், அறை வாசல்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள், இரவில் பங்கு போட்டுக்கொண்ட அறைகளில் படுத்தார்கள். பின்னால் நோயின் பாதையைத் துப்பறிந்த ஆய்வாளர்கள் எழுதிய ஓர் அறிக்கையைப் படித்தேன். பிப்ரவரி 9 வரை நோய் உறுதிப்பட்ட 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பணியாளர்கள். 16 பேரின் படுக்கை மூன்றாம் தளத்தில். ஆய்வாளர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெயரில்லாதவர்கள் ஒரு கப்பலின் பட்டியலில் கடைசியில் இடம் பெற்றபோது, தொட்ட கைகளாகத்தான் இடம் பெற்றார்கள். அந்த நாட்களில் தட்டை வைத்துவிட்டுக் கதவைத் தட்டியவன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

ஓர் ஆட்சேபத்தை எதிர்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஊரெல்லாம் ஏழையைத்தான் சந்தேகிக்கிறது, நீயும் அவன் கையில் ஒரு கத்தியைக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கலாம். இது லேசான ஆட்சேபம் இல்லை. 1871-ல் பிறந்து 1911-ல் சென்னை ராஜதானிக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு நம் மக்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். 1920-ல் பெருங்காமநல்லூரில், அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ள மறுத்து எதிர்த்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். சந்தேகத்தின் விலை இந்த மண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சட்டத்துக்கு வேண்டியிருந்தது கைதான், ரேகைதான். ஏன் என்று அது ஒருவரையும் கேட்டதில்லை, பிறப்பே பதில். மனதைச் சந்தேகிக்கிறவனுக்கு ஒரு கடமை வந்து சேர்கிறது, பதிலைக் கேட்டாக வேண்டும். நான் கேட்பது இந்தக் கடமையைத்தான்.

நம் சொந்த எழுத்திலும் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. உழைப்பவன் கெட்டது செய்ய மாட்டான் என்று எழுதப்பட்ட கதைகள் நம்மிடம் ஏராளம். நல்லெண்ணத்தில் எழுதியவை. அவற்றின் நாயகர்கள் பசிக்கிறார்கள், அழுகிறார்கள், கடைசியில் கையை உயர்த்துகிறார்கள். வஞ்சம் வைப்பதில்லை, பொறாமைப்படுவதில்லை, தன் லாபத்துக்கு ஒரு பொய் சொல்வதில்லை. தீமையைத் தேர்ந்தெடுக்க முடியாதவன் நன்மையைத் தேர்ந்தெடுத்தான் என்று எப்படிச் சொல்வது? அவன் திருடாதது அவனுடைய முடிவு என்று ஆக வேண்டுமானால், திருடியிருக்கக்கூடியவன் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலை அந்தக் கதைகள் தருவதில்லை. 'அவங்க செஞ்சிருக்க மாட்டாங்க' என்று நான் சொன்னதும் அதே குரல்தான்.

எங்கள் வீட்டு அம்மாளை நிஜமாகவே சந்தேகித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். உட்கார வைத்துப் பேசியிருப்போம். மத்தியானம் எங்கே இருந்தாய், யாரைப் பார்த்தாய் என்று கேட்டிருப்போம். அந்த அறையைப் பெருக்கியவள் அவள்; யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எங்களைவிட அவளுக்குத்தான் தெரிந்திருக்கும். ஒருவேளை ஏதாவது சொல்லியிருப்பாள். ஒருவேளை தானே எடுத்ததை ஒப்புக்கொண்டு, எதற்காக என்றும் சொல்லியிருப்பாள். அதற்கும் அவளுக்கு உரிமை இருந்தது. அவள் சொல்லக்கூடியது எதையும் கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லாததால்தான் அவ்வளவு சீக்கிரம் போகச் சொன்னோமோ என்று இந்த வயதில் தோன்றுகிறது. நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

பேத்தி நாவலை முடித்துவிட்டாள். கொன்றது யார் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறாள். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பட்டியலில் எல்லோர் பெயருக்கும் எதிரே காரணம் எழுதி, ஒவ்வொன்றாக அடித்திருந்தாள். கடைசியில் 'பேர் தெரியாதவங்க' என்று ஒரு வரி. அதற்கு எதிரே காரணம் எழுதவில்லை; அடிக்கவும் இல்லை.

அதற்குக் கீழே அந்த மத்தியானத்துக்கு நானும் ஒரு பட்டியல் எழுதிப் பார்க்கலாம் என்று பேனாவை எடுத்தேன். மாமாவின் பெயரை எழுதினேன். வந்திருந்த மற்றவர்கள் பெயரையும், அக்காவின் பெயரையும், என் பெயரையும் எழுதினேன். அந்த அம்மாளை வீட்டில் எல்லோரும் அவள் மகன் பெயரைச் சொல்லி இன்னாருடைய அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு வருஷம் எங்கள் வீட்டில் வேலை செய்தாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது.